பதினெட்டுக்கு முன் கல்யாணம்: வீட்டிலும் ஊரிலும் எழும் கேள்விகள்

குழந்தைத் திருமணமா, அதெல்லாம் அந்தக் காலம் என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு வேறு கணக்குச் சொல்கிறது. 20 முதல் 24 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 முடியும் முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. ஏறக்குறைய எட்டில் ஒருவர். இந்திய அளவில் இது 23.3 சதவீதம். மேற்கு வங்கத்திலும் பீகாரிலும் 40ஐத் தாண்டுகிறது. அதைக் காட்டி நாம் பரவாயில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எட்டில் ஒருவர் என்றால் ஒரு வகுப்பறையிலேயே இரண்டு மூன்று பிள்ளைகள்.

சட்டப்படி எது குழந்தைத் திருமணம்?

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவருக்கு ஒரு நாள் குறைந்தாலும் அது குழந்தைத் திருமணம். இதற்கான சட்டம் 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம். கோயிலில் நடந்ததா, மண்டபத்திலா, வீட்டு வாசலில் பத்துப் பேர் முன்னிலையிலா என்பதெல்லாம் கணக்கில்லை. சொந்தத் தாய்மாமன் என்பதாலும் விலக்குக் கிடையாது.

பெண்ணே சம்மதம் என்கிறாளே?

பதினாறு வயதுப் பிள்ளையின் சம்மதம் இந்தச் சட்டத்தின் முன் சம்மதமே இல்லை. சட்டத்தை விடுங்கள், அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்படுகிறது என்று பாருங்கள். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருக்க, அப்பா வாசலில் உட்கார்ந்திருக்க, பத்திரிகை அடித்தாகிவிட்டது, பந்தல்காரருக்கு முன்பணம் போயாகிவிட்டது. அந்த நேரத்தில் அலுவலர் வந்து “உனக்கு இஷ்டமாம்மா?” என்று கேட்டால் பிள்ளை தலையைத்தான் ஆட்டும். அதே பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய், என்ன படிக்கிறாய், எந்தப் பாடம் பிடிக்கும் என்று தொடங்கிப் பேசினால் கொஞ்ச நேரத்தில் வேறு பதில் வரும். விசாரிக்கப் போகிறவர்கள் பெற்றோரை விலக்கி வைத்துத்தான் பேச வேண்டும்.

ஜாதகப்படி 18 முடிந்துவிட்டது, ஆதாரிலும் அப்படித்தான் இருக்கிறது என்றால்?

எதை நம்புவது என்பதில் குழப்பமே இல்லை. சிறார் நீதிச் சட்டத்தின் 94ஆவது பிரிவு வரிசை சொல்கிறது. முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லாவிட்டால் ஊராட்சியோ நகராட்சியோ மாநகராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்று. இரண்டுமே இல்லாதபோதுதான் எலும்பு வளர்ச்சியைப் பார்க்கும் மருத்துவப் பரிசோதனை. ஜாதகத்துக்கு இதில் இடமில்லை. ஆதாரும் வயதுக்குத் தீர்க்கமான சான்று ஆகாது என்று 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பள்ளியில் ஒரு வருடமாவது படித்த பிள்ளையென்றால் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும். தலைமை ஆசிரியர் அதை எடுத்துக் கொடுத்தால் வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இப்போது பூ வைத்து நிச்சயம் மட்டும் பண்ணிக்கொள்கிறோம், கல்யாணம் 18க்குப் பிறகு. இது தப்பா?

இன்றைய சட்டத்தில் நிச்சயத்துக்கு நேரடித் தடை இல்லை. இந்த ஓட்டையை உச்ச நீதிமன்றமே 2024 அக்டோபர் 18 அன்று கொடுத்த தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. சிறு வயதில் நிச்சயம் செய்து வைப்பதும் பிள்ளையின் தேர்வு உரிமையையும் குழந்தைப் பருவத்தையும் பறிப்பதுதான், அதையும் தடை செய்ய நாடாளுமன்றம் யோசிக்கலாம் என்றது. என் கருத்தும் அதுதான். பூ வைத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளையை ஊரே ‘இன்னார் வீட்டு மருமகள்’ என்றுதான் பார்க்கிறது. பள்ளிக்கூடம் போவதற்கு மாப்பிள்ளை வீட்டில் அனுமதி கேட்கும் நிலை வந்துவிடுகிறது. பல வீடுகளில் நிச்சயம் என்று சொல்லிவிட்டு அன்றைக்கே தாலியும் கட்டிவிடுகிறார்கள்.

பெற்றோர் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? பாசம் இல்லையா?

பாசம் இல்லாமல் இல்லை. பயம்தான் பெரிய காரணம். பிள்ளை வயசுக்கு வந்துவிட்டாள், அப்பாவும் அம்மாவும் விடிகாலையில் வேலைக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார்கள், உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில், பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும். நடுவில் யாரோ ஒரு பையனோடு பேசினாள் என்று ஒரு சொல் கிளம்பினால் போதும். அந்த ஒரு சொல்லுக்காகவே அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணத்தை முடித்துவிடுகிறார்கள். பையன் வேறு சாதி என்றால் இன்னும் அவசரம்.

அப்புறம் பணம். பெண் படிக்கப் படிக்கப் படித்த மாப்பிள்ளை தேட வேண்டும், நகை கூடும் என்ற கணக்கு. சொந்தத்தில் கேட்கிறார்கள், செலவில்லாமல் முடிந்துவிடும் என்ற இன்னொரு கணக்கு. பாட்டி சாகும்முன் பார்க்க ஆசைப்படுகிறாள் என்பதும் காதில் விழாத ஊர் இல்லை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த காலத்தில் இவை எல்லாம் ஒன்றுசேர்ந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து மலைக் கிராமங்களில் பள்ளியே எட்டாத தூரம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. 2025 மார்ச்சில் கிருஷ்ணகிரி மாவட்ட மலைக் கிராமம் ஒன்றில், கட்டிவைத்த வீட்டுக்குப் போக மறுத்த 14 வயதுச் சிறுமியை அலற அலறத் தூக்கிச் செல்லும் காணொளியை நாடே பார்த்தது. அவள் ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். படிப்பு நிற்பதுதான் முதல் அறிகுறி. ஆசிரியர்கள் இதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது. முழுப் பரீட்சை முடிந்து கோடை விடுமுறை, வைகாசி முகூர்த்தம், ஜூனில் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் மட்டும் வருவதில்லை.

பெற்றோரின் பயம் நியாயமானதுதான். அதற்குத் தீர்வு பஸ், விடுதி, பாதுகாப்பான வழி. பிள்ளையை இன்னொரு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ஆபத்து அந்த வீட்டுக்குள் போய்விடுகிறது, அவ்வளவுதான்.

நாளைக் காலையில் கல்யாணம், எனக்கு இப்போதுதான் தெரிந்தது. என்ன செய்வது?

குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். இரவு எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. பெண்கள் உதவி எண் 181, அவசர எண் 112 இரண்டும் உண்டு. தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் என்ற அதிகாரம் மாவட்ட சமூக நல அலுவலரிடம் இருக்கிறது. அவர் எண் கையில் இருந்தால் நேரடியாகவும் சொல்லலாம்.

“எங்க ஊர்ல ஒரு சின்னப் பொண்ணுக்குக் கல்யாணம்” என்று மட்டும் சொன்னால் அவர்கள் தேடி வருவதற்குள் விடிந்துவிடும். பிள்ளையின் பெயர், எந்தப் பள்ளியில் எந்த வகுப்பு, ஊர், ஊராட்சி, தெருவுக்கு அடையாளம், மண்டபமா கோயிலா வீடா, எத்தனை மணி முகூர்த்தம், மாப்பிள்ளை எந்த ஊர், இவற்றில் தெரிந்ததைச் சொல்லுங்கள். பத்திரிகை கிடைத்தால் அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை ஊர் முக்கியம். தகவல் கசிந்தது தெரிந்தால் இடத்தை மாற்றிவிடுவார்கள். காலை ஆறு மணி முகூர்த்தத்தை முந்தின இரவு பதினொன்றுக்கே வேறு ஊர்க் கோயிலில் முடிப்பதும் உண்டு.

இரண்டு நாளாவது அவகாசம் இருந்தால் இன்னொரு வழி பலமானது. முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கலாம். ஆணை வந்த பிறகும் அதை மீறிக் கல்யாணம் செய்தால் அது தொடக்கத்திலிருந்தே செல்லாது.

என் பெயர் வெளியே தெரிந்தால் ஊரில் வாழ முடியுமா?

பெயர் சொல்லாமலே தகவல் கொடுக்கலாம். சொன்னாலும், வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் ஒன்று செய்யாதீர்கள்: பிள்ளையின் படத்தையோ பெயரையோ வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில் போட்டாலும் சிறார் நீதிச் சட்டப்படி அது குற்றம், அவளுக்கும் அது ஆயுள் முழுக்க நிற்கும் காயம்.

யாருக்குத் தண்டனை?

18 வயதைத் தாண்டிய மாப்பிள்ளை, கல்யாணத்தை நடத்தி வைத்தவர், ஏற்பாடு செய்தவர், தடுக்காமல் விட்ட பெற்றோர் ஆகியோருக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் விட முடியாத குற்றம். பெற்றோரும் பொறுப்பாளர்களும் அந்தக் கல்யாணத்தில் கலந்துகொண்டதே ஒப்புதலாக எடுத்துக்கொள்ளப்படலாம். பெண்களுக்கு இந்தப் பிரிவில் சிறை இல்லை, அபராதம் உண்டு. பிள்ளைக்கு எந்தத் தண்டனையும் இல்லை. இதை அவளிடம் யாராவது சொல்ல வேண்டும். தன்னைத்தான் போலீஸ் பிடிக்கும் என்று நினைத்தே பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

கல்யாணம் முடிந்தே விட்டது. செல்லுமா, செல்லாதா?

பலரும் தானாகவே செல்லாது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணம் ரத்து செய்யத்தக்கது. அதாவது, சிறு வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவர் நீதிமன்றம் போய்க் கேட்டால் ரத்தாகும், கேட்காவிட்டால் நிற்கும். கடத்தியோ ஏமாற்றியோ விற்றோ நடத்தியிருந்தால் அது எப்போதும் செல்லாது. கர்நாடகம் 2016இல் திருத்தம் கொண்டுவந்து, குழந்தைத் திருமணம் எதுவானாலும் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று ஆக்கியது. தமிழ்நாடும் அதைச் செய்ய வேண்டும். தன் வீட்டை எதிர்த்து வழக்குப் போடும் பாரத்தை ஒரு பெண்ணின் தோளில் ஏன் வைக்க வேண்டும்?

கெடு ஒன்று இருக்கிறது, அதை மறந்துவிடக் கூடாது. 18 முடிந்ததிலிருந்து இரண்டு ஆண்டு. அதாவது பெண் தன் இருபதாவது பிறந்தநாளுக்குள் மனு போட வேண்டும். 18க்கு முன்பே என்றால் பாதுகாவலரோ நண்பரோ, தடுப்பு அலுவலரோடு சேர்ந்து போடலாம். குடும்ப நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கே, இல்லாத ஊரில் மாவட்ட நீதிமன்றத்தில். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள். எண் 15100.

இப்படி ரத்து வாங்கியவர்கள் இருக்கிறார்கள். ராஜஸ்தானின் ஜோத்பூரில் ஒரு வயதில் கட்டிவைக்கப்பட்ட பெண் 18 வயதில், 2012இல், சார்தி அறக்கட்டளையின் கிருதி பாரதி துணையோடு தன் திருமணத்தை ரத்து செய்துகொண்டார்.

ரத்தானால் போட்ட நகை? பிறந்த குழந்தை?

இருபக்கமும் வாங்கிய நகை, பணம், சீர் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க நீதிமன்றமே உத்தரவிடும். பெண்ணுக்கு மறுமணம் ஆகும்வரை ஜீவனாம்சமும் தங்க இடமும் கேட்கலாம். குழந்தை சட்டப்படியான குழந்தைதான், ரத்தானாலும் அதில் மாற்றமில்லை.

பிள்ளை கர்ப்பமாக இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமாமே?

வீட்டில் வைத்து மறைப்பதுதான் உயிருக்கு ஆபத்து. இடுப்பெலும்பு முழுதாக வளராத வயது, ரத்தசோகை, ரத்த அழுத்தம், எடை குறைந்த குழந்தை என்று ஒவ்வொன்றும் கண்காணிப்பு வேண்டிய விஷயம். தமிழ்நாட்டில் கர்ப்பம் என்றாலே கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்க வேண்டும். அப்போதுதான் பல குழந்தைத் திருமணங்கள் வெளியே வருகின்றன. வயதைக் கூட்டிச் சொல்வதும், பதிவே செய்யாமல் ஐந்தாறு மாதம் ஓட்டுவதும் இதற்குப் பயந்துதான்.

18க்குக் கீழே என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி மருத்துவமனை தகவல் சொல்லியாக வேண்டும், உண்மைதான். கணவன் என்பது தப்பிக்கும் வழி ஆகாது. 18 வயதாகாத மனைவியோடு உறவும் வல்லுறவே என்று 2017 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. ஆனால் சிகிச்சை கொடுக்க மறுக்க எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை. கருக்கலைப்பு கேட்டு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இது தெரியாமல் நாட்டு மருந்தைத் தேடிப் போய்விடாதீர்கள்.

பெண்ணுக்கு 17, பையனுக்கு 19. காதலித்து அவர்களே ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்கள். இதுவுமா?

இதுவும்தான். பையன் மீது குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் போக்சோவும் சேர்ந்தே பாயும். இது மனதுக்குக் கஷ்டமான இடம். பதின்வயதுக் காதலைத் தண்டிக்க வந்த சட்டம் அல்ல போக்சோ என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தபோது சொன்னது. பெற்றோர் இதைச் சாதிக்கோபத்துக்கு ஆயுதமாக எடுப்பதும் நடக்கிறது. காதலிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றே: பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 முடியும்வரை காத்திருங்கள். 17இல் ஓடினால் சட்டம் அவன் கழுத்தைப் பிடிக்கும். வீட்டில் அவசரமாக வேறு மாப்பிள்ளை பார்த்தால், ஓட வேண்டாம், 1098க்கு அழையுங்கள்.

மதத்துக்கு மதம் சட்டம் மாறுமா? இலங்கையில் எப்படி?

இந்தச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2015இலும் கேரள உயர் நீதிமன்றம் 2024இலும் சொல்லியிருக்கின்றன. வேறு சில உயர் நீதிமன்றங்கள் மாறாகச் சொல்லியிருக்கின்றன. உச்ச நீதிமன்றம் 2024 தீர்ப்பில் இந்தக் கேள்வியை முடிக்காமல் விட்டது.

இலங்கையில் பொதுச் சட்டப்படி 1995 முதல் இருவருக்கும் 18. ஆனால் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் குறைந்தபட்ச வயதே எழுதப்படவில்லை. 12க்குக் கீழ் என்றால் காதியின் (முஸ்லிம் குடும்ப வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியின்) அனுமதி வேண்டும் என்று மட்டும் இருந்தது. மணப்பெண்ணே கையெழுத்திட வேண்டும் என்ற விதியும் அதில் இல்லை. இதை மாற்றச் சொல்லிப் பல ஆண்டுகளாக முன்னின்று போராடுகிறவர்கள் அந்தச் சமூகத்துப் பெண்கள்தான், அவர்களில் பலர் தமிழ் பேசுகிறவர்கள். வெளியிலிருந்து வந்த எதிர்ப்பு என்று அதைத் தள்ளிவிட முடியாது.

இது குடும்ப விஷயம். மனித உரிமை என்று பெரிய வார்த்தை எதற்கு?

முழு மனதோடு சம்மதித்தால்தான் திருமணம் என்று 1948இன் உலக மனித உரிமைப் பிரகடனம் சொல்கிறது. குழந்தையின் நிச்சயத்துக்கும் திருமணத்துக்கும் சட்டமதிப்பே கூடாது என்று பெண்களுக்கு எதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் ஒப்பந்தம் சொல்கிறது. 1993இல் இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது.

ஆனால் இந்த வாதம் ஐக்கிய நாடுகள் சபையிலிருந்து நமக்கு வந்தது என்று நினைக்காதீர்கள். அந்த 1948 பிரகடனத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பம்பாயில் ருக்மாபாய் என்ற பெண் இதைச் சொன்னார். 11 வயதில் கட்டிவைத்தார்கள். வளர்ந்தபின் கணவன் வீட்டுக்குப் போக மாட்டேன் என்றார். கணவர் வழக்குப் போட்டார். 1887இல் நீதிமன்றம், கணவனோடு போ, இல்லாவிட்டால் ஆறு மாதம் சிறை என்றது. சிறைக்குப் போகிறேன் என்றார் ருக்மாபாய். கடைசியில் பணம் கொடுத்து சமரசமானது. அவர் லண்டன் போய் மருத்துவம் படித்துத் திரும்பினார். அந்த வழக்கும், கல்கத்தாவில் கணவனால் உயிரிழந்த ஃபுல்மோனி தாசி என்ற சிறுமியின் மரணமும் சேர்ந்துதான் 1891இல் உறவுக்குச் சம்மத வயதை 10லிருந்து 12 ஆக்கின. 1929இல் சாரதா சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. 1949இல் 15, 1978இல் 18. ஒவ்வொரு முறையும் குடும்ப விஷயத்தில் அரசு தலையிடலாமா என்ற இதே கேள்வியைக் கேட்டார்கள்.

பெண்ணுக்கு 21 என்று மாற்றிவிட்டார்களாமே?

இல்லை. 2021 டிசம்பரில் மசோதா வந்தது, நிலைக்குழுவுக்குப் போனது, 2024இல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. இப்போதும் 18தான்.

கல்யாணம் நின்றுவிட்டது. அப்புறம்?

இங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். அதிகாரிகள் வந்தார்கள், பெற்றோர் எழுதிக் கொடுத்தார்கள், பந்தலைப் பிரித்தார்கள், மறுநாள் செய்தித்தாளில் ‘சிறுமி திருமணம் தடுத்து நிறுத்தம்’. ஒரு மாதம் கழித்து வேறு ஊரில் சத்தமில்லாமல் அதே கல்யாணம் நடந்திருக்கும். அந்தத் திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்கு வந்தாளா என்று யார் பார்த்தார்கள்?

திருமண ஆபத்தில் உள்ள குழந்தை, சிறார் நீதிச் சட்டப்படி பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் குழந்தை. அவளைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோக வேண்டும். வீட்டில் அடி விழும் என்றால் இல்லத்தில் தங்க வைக்கக் குழு உத்தரவிடும். வீட்டுக்கே அனுப்பினாலும் தொடர்ந்து பார்வையிட உத்தரவு கேளுங்கள். வகுப்பாசிரியர் வாரம் ஒருமுறை வருகையைச் சொல்ல வேண்டும், கிராம சுகாதார செவிலியர் வீட்டுப் பக்கம் போகும்போது பார்த்துவர வேண்டும்.

பள்ளி அவளைச் சேர்க்க மறுக்க முடியாது, கல்யாணம் நடந்து முடிந்திருந்தாலும் சரி. பரீட்சையை விட்டுவிட்டாள் என்றால் துணைத் தேர்வு இருக்கிறது, தனித்தேர்வராகவும் எழுதலாம். வீடு தூரம் என்றால் அரசு விடுதிக்கு மனு போடுங்கள். பெற்றோரிடம் பேசும்போது காசுக் கணக்கையும் பேசலாம், அதில் வெட்கம் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். முன்பு தாலிக்குத் தங்கமும் பணமும் கொடுத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டம்தான் 2022இல் இப்படிப் படிப்புக்கு மாறியது. முதலமைச்சரின் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தில் பணம் போட்டிருந்தால் அது முதிர்வதும் 18இல்தான், அதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். பத்திரத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் அது பெட்டியின் அடியில் கிடக்கும்.